கொக்கி ஒண்ணுதான் இருக்குது

உக்காருங்க தம்பி. சேரெல்லாம் என்ற பையன் எடுத்துட்டுப் போயிட்டான், அந்த ஜன்னல் மேடையில உக்காருங்க. எனக்குச் சித்த நேரம் மூச்சு வாங்கோணும். இந்தப் படி ஏறி வந்தா முட்டி ரெண்டும் என்னுதே இல்லாத மாதிரி ஆயிருது. வீடு பாக்க வர்றவங்களுக்கெல்லாம் ஏறிக் காட்டிக் காட்டியே சலிச்சுப் போச்சுங்க.

ஹாலைப் பாத்துட்டீங்க, சமையக்கட்டைப் பாத்துட்டீங்க, தண்ணி எப்ப வரும்னு கேட்டீங்க, எல்லாஞ் சொல்லீட்டேன். இந்த ரூமுக்குள்ள வந்ததும் அண்ணாந்து பாத்தீங்க. பாத்துட்டு, "கொக்கி இருக்குதுங்களே, தொட்டில் கட்டிக்கலாமுங்களா"ன்னு கேட்டீங்க. கேக்கறது தப்பில்லீங்க. கைக்கொழந்தை இருக்கறவங்க கண்ணுக்குக் கொக்கிதானே மொதல்ல படும். பையனா, புள்ளையா? புள்ளையா? நல்லா இருக்கட்டும் சாமி.

அதுக்குப் பதில் சொல்றக்கு மின்னால, அந்த மூலையப் பாத்து ஒரு நிமிசம் திக்குனு நின்னீங்களே, அதைச் சொல்லீர்றேன். பெட்சீட்டைப் போத்திக்கிட்டு ஆள் நிக்கற மாதிரிதான் இருக்கும். போன வாரம் ஒரு வாத்தியார் வந்தாரு, அவரு படி வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பி வந்தாரு. ஆளுமில்ல, பேயுமில்ல. பாக்ஸிங் பழகறவங்க தொங்கவிட்டுக் குத்துவாங்கல்ல, அந்தப் பை. என்ற மருமவளுது.

ஆமாங்க, மருமவளுதுதான். பையனுது இல்ல. எல்லாரும் ரெண்டாந்தரம் கேட்டுத்தான் நம்பறாங்க.

கொக்கி எங்கூட்டுக்காரர் போட்டது. இந்த மேல் வீட்டுக்குக் கான்கிரீட் போடறப்ப, ஃபேன் கொக்கி மட்டும் போதும்னு மேஸ்திரி சொல்றாரு. இவரு கேக்கல. கம்பி கட்டற பையனைக் கூப்பிட்டு, தடிக் கம்பியா வளைக்கச் சொல்லி, மேல ஓடற கம்பியோட சேத்துக் கட்ட வெச்சாரு. "எருமையைக் கட்டித் தொங்கவிட்டாலும் தாங்கோணும்"னாரு. எதுக்குங்க இத்தனை தடிமம்னு கேட்டா, "பூபதிக்குக் கண்ணாலம் ஆனா அவங் கொழந்தைக்குத் தொட்டில் கட்ட வேண்டாமா"ங்கறாரு. பூபதி அப்ப ஒம்பதாவது படிக்கறான். மீசையே மொளைக்கல. இவரு தொட்டிலுக்குக் கொக்கி போடறாரு. மனுசன் எல்லாத்துலயும் மின்னாலயே ஓடுவாருங்க. போய்ச் சேந்ததும் அப்படித்தான், எனக்கு மின்னாலயே.

பூபதி இப்பப் பிரிண்டிங் பட்டறையில சூப்பர்வைசர். மருமவ பேரு கோகிலா. எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர், வெளிநாட்டுக்காரனோட போன்ல இங்கிலீசுல பேசறப்பக் கேக்கோணும், நம்மூட்டுப் புள்ளையான்னு இருக்கும். நல்ல புள்ளைங்க. குத்தம் சொல்றக்கு ஒண்ணுமில்ல. எதைச் சொன்னாலும் "சரிங்கத்தை". ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்ல. அதுதான் எனக்கும் ஒண்ணும் புரியாமப் போச்சு.

ரெண்டு தடவை நின்னுதுங்க அவளுக்கு. ரெண்டும் தங்கல. ரெண்டாவது அஞ்சு மாசத்துல போச்சு. வயிறு தெரிய ஆரம்பிச்சுட்டுது, ஒறம்பரையெல்லாம் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க, அப்பறம் போச்சு.

நான் ஒண்ணும் சொல்லல. அதை மொதல்லயே சொல்லீர்றேன். ஊருக்குள்ள மாமியாக்காரிங்க என்னென்ன பேச்சுப் பேசறாங்கன்னு நீங்களுங் கேட்டிருப்பீங்க. நான் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எப்பக் கண்ணு விசேசம்னு கேட்டதில்ல. கொழந்தைத் துணி தைக்கற கம்பெனியில செக்கிங்ல இருந்தனுங்க நானு. ஓட்டை, கறை, தையல் விட்டதுன்னு பாத்துப் பாத்துத் தள்ளறது. தள்ளுனதுல கண்ணுக்கு நல்லா இருக்கறதைச் சூப்பர்வைசர்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வருவேன். உள்ளங்கையளவு சட்டை, குட்டித் தொப்பி, பாதத்தோட சேத்துத் தெச்ச கால்சட்டை. ஒரு தலையாணி ஒறையில போட்டு, கண்ணாலம் ஆன வருசமே அவங்க பீரோவுல வெச்சுட்டேன். அப்பறம் அது ரெண்டு ஒறையாச்சு. வாயத் தொறந்து ஒண்ணுஞ் சொல்றதில்ல. துணிய மட்டும் வெச்சுட்டு வந்துருவேன்.

ரெண்டாவது போன பொறகு கோகிலா பேச்சைக் கொறைச்சுட்டா. கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். ராத்திரி சாப்புட்டாளா இல்லையான்னு தட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். டாக்டரம்மா ஒரு வருசத்துக்கு எதையும் நெனைக்காம இரு, ஒடம்பைத் தேத்து, நல்லா எக்சர்சைஸ் பண்ணுன்னு சொல்லியனுப்பீருச்சு. சரி, நடக்கப் போவா, யோகா பண்ணுவான்னுதானே நெனைப்போம்? ஆடி மாசம் ஒரு நாளு பொழுதோட வர்றா, தலையிலிருந்து கால் வரைக்கும் வேர்வை. மூஞ்சி ரத்தமாட்டம் செவந்து கெடக்குது. என்ன கண்ணு, வண்டியில கீது விழுந்துட்டியான்னு நான் பதறுறேன். "இல்லீங்கத்தை, பாக்ஸிங் கிளாசு"ங்கறா.

பாக்ஸிங்! என்னத்தச் சொல்லுவீங்க? பூபதியப் பாத்தேன். அவன் போனைப் பாத்துட்டு நிக்கறான். ஆனா உள்ளதைச் சொல்லோணுமல்ல, அன்னைக்குச் சோறு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்புட்டா. ரசத்துக்கும் வாங்குனா. நான் அப்படியே வாயை மூடிட்டேன்.

அங்க கிளாசு சனி ஞாயிறு மட்டுந்தான். தெனமும் பழகோணும்னா வீட்டுல ஒரு பை தொங்கவிட்டுக்கங்கன்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு. அவ்வளவுதான், ஆரம்பிச்சுது பாருங்க. பூபதி தின்னறப்பவும் போன், படுக்கறப்பவும் போன். முப்பது கிலோவா நாப்பது கிலோவா, தோலா ரெக்ஸினா, அடைச்சு வர்றதா காலியா வர்றதா, தொங்கறதா நிக்கறதா. எவனோ வெள்ளக்காரன் ஒவ்வொரு பையாக் குத்திக் குத்திக் காட்டறான், இவன் வாயப் பொளந்து பாக்கறான். கோகிலாவப் பொண்ணு பாத்தப்பக்கூட நாங்க இத்தனை விசாரிக்கலீங்க. ஜாதகம் பாத்தோம், காரவடை சாப்புட்டோம், முடிஞ்சுது.

கடைசியில கோயமுத்தூருல பெரிய கடை இருக்குது, நேர்ல போயித் தொட்டுப் பாத்து வாங்கலாம்னு முடிவாச்சு. நானும் வர்றேன்னு கெளம்பீட்டேன். சின்னஞ்சிறுசுக, கடைக்காரன் தலையில மொளகாய் அரைச்சுருவான். தையல் பாக்கவாச்சும் ஒரு ஆள் வேண்டாமுங்களா?

கடைக்காரப் பையன் பூபதியப் பாத்து, "சாருக்கு எத்தனை நாளாப் பழக்கமுங்க"ன்னு கேக்கறான். பூபதி நெளியறான். "எனக்குத்தானுங்க"ங்கறா கோகிலா. ஒடனே உள்ள ஓடிப் போயி ரோஸ் கலர்ல ஒண்ணைத் தூக்கிட்டு வர்றான், தலையாணியாட்டம். கோகிலா அதைத் தொடக்கூட இல்ல. "ஆளோட எடையில பாதியாச்சும் இருக்கோணும்னு மாஸ்டர் சொன்னாருங்க. இது ஒரு குத்துக்குப் பறந்து போயித் திரும்பி வந்து என்னையே அடிக்கும்"ங்கறா. அந்தப் பையன் அப்பத்தான் அவளை நேராப் பாத்தான்.

அங்க நடுவுல ஒண்ணு தொங்கிட்டிருந்துது. கருப்பு. நெடு நெடுன்னு, ஆள் ஒசரம். சங்கிலியில சும்மா தொங்குது. கோகிலா கிட்டப் போனா. கையை வெச்சா. மாட்டைத் தடவிப் பாக்கற மாதிரி ஒரு தடவு. அப்பறம் தோள்ல கெடந்த பேக்கைக் கழட்டிப் பூபதிகிட்டக் குடுத்துட்டு, காலை அகட்டி நின்னு, ஒண்ணு வுட்டா பாருங்க. தொம்முன்னு! கடையில இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. கைய ஒதறிட்டுத் திரும்பி எங்களைப் பாத்துச் சிரிச்சா. பல்லுத் தெரிய. எத்தனை மாசம் ஆச்சோ அவ அப்படிச் சிரிச்சு. பூபதி ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டான்.

அதையே வாங்கியிருக்கலாம். வாங்கியிருக்கலாம்தான்.

நான் ஒண்ணும் சொல்லல. அது எங்க தொங்கும்னு மட்டுந்தான் கேட்டேன். மேல் ரூமு கொக்கியிலங்கத்தைன்னா. வேற எடத்துல ஓட்டை போட்டு மாட்டலாமான்னு பூபதிகிட்டக் கேட்டேன். தளத்துல ஓட்டை போட்டாத் தண்ணி எறங்கும்மாங்கறான். சரின்னுட்டு, "கொக்கி ஒண்ணுதானே கண்ணு இருக்குது"ன்னேன். இவ்வளவுதான் நான் சொன்னது. வேற ஒரு வார்த்தையில்ல. இருக்கறதைத்தானே சொன்னேன்?

அவ கையை அந்தப் பை மேலிருந்து எடுத்துட்டா.

பக்கத்துலயே இன்னொண்ணு நின்னுது. அடியில பெரிய டப்பா, அதுல தண்ணி ரொப்பிக்கோணும், மேல கம்பத்துல பையி. தொங்கவிடவே வேண்டாம். கடைக்காரப் பையன் புடிச்சுக்கிட்டான். "அபார்ட்மென்ட்டுக்கெல்லாம் இதுதானுங்கம்மா போகுது"ங்கறான். நான் தையலைத் திருப்பிப் பாத்தேன், ரெட்டைத் தையல், ஒரு நூல் பிசிறில்ல. இதுவே நல்லா இருக்குதே கண்ணுன்னேன். "சரிங்கத்தை"ன்னா. அவளே சொன்னா, சரின்னு. நான் ஒண்ணும் வற்புறுத்தல.

அட அதை ஏன் கேக்கறீங்க. அந்தச் சனியன் ஒரு எடத்துல நிக்குமா? இவ இங்க நின்னு குத்துனா அது நகந்து நகந்து கதவு வரைக்கும் போயிருது. மறுபடி தள்ளிட்டு வந்து வெப்பா, மறுபடி போகும். கீழ படுத்திருக்கற எனக்கு எவனோ பீரோவை இழுக்கற மாதிரி சத்தம். ஒரு நாளு டப்பா வெடிப்பு வுட்டுத் தண்ணி படியில ஓடுது. மணல் ரொப்பலாம்னு பூபதி மணல் ரொப்புனான். அதுக்கப்பறமுந்தான் ஆடுச்சு. ஐப்பசி வாக்குல ஒரு நாளு, கம்பம் சாஞ்சு வர்றதைப் புடிக்கப் போயி, அவ மணிக்கட்டுச் சுளுக்கிக்கிச்சு. கட்டுப் போட்டு, ஒரு மாசத்துக்கு எதையும் தொடாம இருந்தா. மறுபடியும் பழைய மாதிரி. கேட்டதுக்குப் பதில். தட்டுல சோறு அப்படியே.

நான் அப்பவும் ஒண்ணும் சொல்லல.

அப்பறம் ஒரு நாளு கொரியர்க்காரன் வந்து ஒண்ணு குடுத்துட்டுப் போறான். பிரிச்சாப் பாம்புச் சட்டையாட்டம் தொளதொளன்னு கருப்பா ஒரு பை. உள்ள ஒண்ணுமில்ல. அவளே போன்ல பாத்து வாங்கியிருக்கறா. யாரையுங் கேக்கல. பூபதியக்கூடக் கேக்கல. எனக்குப் பொக்குனு போயிருச்சுங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல? ஆனா பையைத் திருப்பிப் பாத்தேன். நல்ல கேன்வாசு, அடிப்பக்கம் ரெட்டைத் துணி. அவளுக்கும் வாங்கத் தெரிஞ்சிருக்குதேன்னு நெனைச்சுக்கிட்டேன்.

உள்ள அடைக்கறக்குக் கோகிலா கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் மூட்டையா வந்துது. பனியன் துணி வெட்டுனா மிச்சம் விழுகறது. திருப்பூருல அதுக்கா பஞ்சம்? அவங்க ரெண்டு பேரும் அள்ளி அள்ளிப் போடறாங்க. பாத்துட்டு எனக்குத் தாங்கல. அப்படிப் போட்டா மேல பஞ்சாட்டம் இருக்கும், நாள் ஆக ஆக எல்லாம் அடியில எறங்கிக் கல்லாட்டம் ஆயிரும். தள்ளுங்கன்னு சொல்லிட்டு நான் உக்காந்தேன். நீளத் துணியாப் பொறுக்கிச் சுருட்டோணும். சுருட்டி வட்டமா அடுக்கோணும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒலக்கையில இடிச்சு எறக்கோணும். பூபதி பையைப் புடிச்சுக்கிட்டான், நான் அடுக்குனேன், கோகிலா ஒலக்கை போட்டா. அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. பேசிக்கிட்டே செஞ்சோம். அவ ஆபீசுல ஒரு மேனேஜர் மாதிரி பேசிக் காட்டுனா பாருங்க, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுப் போச்சு.

முக்காவாசி ரொம்பறப்பத் துணி தீந்து போச்சு. ஞாயித்துக்கெழமை, எங்க போயிக் கேக்கறது? நாளைக்குப் பாத்துக்கலாம்னு பூபதி எந்திரிச்சு வண்டியக் கழுவப் போயிட்டான். கோகிலா மட்டும் போகல. அப்பறம் பீரோவத் தொறந்து அந்த ரெண்டு தலையாணி ஒறையவும் எடுத்துட்டு வந்து என்ற மின்னால வெச்சா.

"இதையும் வெச்சரலாமுங்களா அத்தை?"

நான் அவ மூஞ்சியப் பாத்தேன். அவ என்ற மூஞ்சியப் பாத்தா. அவ ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தா, நான் வாங்கிச் சுருட்டுனேன். குட்டிக் குட்டிச் சட்டை, ஒரு சுருட்டுக் கூட வராது. ஏற்கெனவே அடுக்குனதை மேல பாதி வரைக்கும் எடுத்துட்டு, அதுகளை நடு மத்தியில வெச்சு, சுத்தியும் வேஸ்ட்டை வெச்சு மூடுனேன். எந்தப் பக்கம் எத்தனை வேகமாக் குத்துனாலும் அதுகளுக்குப் படாது. அந்த அடுக்குக்கு மட்டும் ஒலக்கை போடல, கையிலயே அமுக்குனேன். வேலை முடிஞ்சதும் கோகிலா என்ற மடியில தலை வெச்சுப் படுத்துக்கிட்டா. வேர்வையோட. நான் தலையக் கோதிவிட்டுட்டு இருந்தேன்.

அந்தக் கொக்கியிலதான் மாட்டுனாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

அப்பறம் தெனமும் வெடியால ஒருவாட்டி, ஆபீசு விட்டு வந்து ஒருவாட்டி. தொம், தொம், தொம்முன்னு. கீழ எனக்கு வெங்காயம் உரிக்கறப்பக் கேக்கும், சாமி கும்புடறப்பக் கேக்கும். பாத்திரமெல்லாம் ஷெல்ஃபுல கிணுகிணுங்கும். அடக் கடவுளே, சித்த நிறுத்துனா என்னன்னு தோணும். சில நாளு கத்திக்கூடச் சொல்லியிருக்கறேன், மெதுவாக் குத்து கண்ணுன்னு. அவளுக்கு மெதுவாக் குத்த வராதுங்க. ஆனா சோறு சாப்புட்டா. நல்லா சாப்புட்டா.

பொங்கல் நோம்பிக்கு எங்க நங்கையா வந்திருந்தா, எங்கூட்டுக்காரரோட அக்கா. அவ வாயிக்குப் பயந்து ஊரே ஒதுங்கும். காப்பி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா, மேல தொம், தொம். "அது என்னடி சத்தம்"ங்கறா. சொன்னேன். "எதுல தொங்குது"ங்கறா. கொக்கியிலதான்னேன். "தம்பி போட்ட கொக்கியிலயா? தொட்டிலுக்குப் போட்ட கொக்கியிலயா?"ன்னு கேட்டுட்டு என்னையே பாக்கறா, என்னமோ நான் போயிக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. எனக்கு மானமே போச்சுங்க. நானும் ஏதாச்சும் சொல்லியாகோணுமல்ல? நான் மட்டும் சந்தோசமா இருக்கறனா என்ன, அப்படீன்னு தெரிய வேண்டாமுங்களா அவளுக்கு? அதனால சொன்னேன். பெருசா ஒண்ணுமில்ல. யாருஞ் சொல்றதுதான்.

"கொழந்தைத் துணிய உள்ள வெச்சு அடைச்சுட்டு அதுமேல குத்தறவளுக்கு, வயித்துல கொழந்தை எப்படிங்க தங்கும்?"னு சொன்னேன்.

சத்தம் நின்னு போயிருந்துதுங்க. அது எப்ப நின்னுதுன்னு நான் கவனிக்கல. திரும்பிப் பாத்தா, தண்ணி குடிக்க எறங்கி வந்தவ, கடைசிப் படியில நிக்கறா. குத்தறக்குக் கையில சுத்துன துணியோட.

நேரா நங்கையாகிட்ட வந்தா. "வாங்க பெரியத்தை, எப்ப வந்தீங்க"ன்னு கேட்டா. "இன்னொரு டம்ளர் காப்பி வெக்கட்டுங்களா"ன்னு கேட்டா. அந்தக் கைத்துணியக்கூடக் கழட்டாம அடுப்பைப் பத்தவெச்சுக் காப்பி வெச்சுக் குடுத்தா. எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தா. சர்க்கரையெல்லாம் சரியாத்தான் இருந்துது. ஒரு வேளை கேக்கலையோ என்னமோன்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

அடுத்த மாசம் அவிநாசி ரோட்டுப் பக்கம் வீடு பாத்துப் போயிட்டாங்க. அவளுக்கு ஆபீசு கிட்ட. அதுதாங்க காரணம். டிராபிக்ல வந்து போக முடியலையாமா. பூபதிதான் சொன்னான். வேற எதையாச்சும் நெனைச்சுக்காதீங்க. இந்தப் பையை மட்டும் எறக்கி மூலையில வெச்சுட்டுப் போயிட்டாங்க, அந்த வீட்டுல மாட்ட எடமில்லையாமா. வாடகைக்குன்னு வெளிய போர்டு மாட்டுனதும் பூபதிதான். சும்மா பூட்டிக் கெடக்கோணுமாம்மாங்கறான். நானும் வர்றவங்களுக்கெல்லாம் காட்டறேன். ஒண்ணும் அமைய மாட்டேங்குது. வாத்தியாருக்கு இந்தப் படி ஒத்து வராதுன்னு நானே சொல்லீட்டேன். அதுக்கு மின்னால வந்த அம்மிணிக்கு நாய் இருக்குது, நாய் இருந்தாத் தொந்தரவு.

கையப் பாக்கறீங்களா? இது ஒண்ணுமில்லீங்க, தோல் வழண்டிருக்குது, அவ்வளவுதான். பையை ஒரே பக்கமா நிக்க விட்டாத் துணி எறங்கீரும். நடுவுல இருக்கறது அடியில போயி நசுங்கீரும். அதனால சாயங்காலம் மேல வந்து திருப்பி வெச்சுட்டு, நாலு பக்கமும் ரெண்டு தட்டுத் தட்டுவேன். துணிக்காகத்தான். கீழ வீடு ஒரே அமைதியாக் கெடக்குதா, அங்க உக்காந்து என்ன பண்றது? பாத்திரங்கூட ஒரு சத்தம் போட மாட்டேங்குது.

நேத்தைக்குப் பூபதி போன் பண்ணுனான். ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் வர்றாங்களாமா. அந்த வீட்டுக்காரர் கார் ஷெட்டுல மாட்டிக்கச் சொல்லீட்டாராமா. "பையை மட்டும் எடுத்துட்டு ஒடனே கெளம்பீருவோம்மா, சமைக்க வேண்டாம்"ங்கறான். கோகிலா பேசலையாடான்னு கேட்டேன். வேலையா இருக்கறாங்கறான். பின்னால அவ கொரல் கேக்குது தம்பி. யாருகிட்டயோ சிரிச்சுப் பேசறது கேக்குது.

பையை மட்டும். வந்து மூலையிலிருந்து தூக்குனா ரெண்டு நிமிசம். வண்டியில போட்டா முடிஞ்சுது. அதுக்கப்பறம் இந்த வீட்டுல அவளுதுன்னு ஒரு சாமான் இல்ல. என்னத்தைச் சாக்கு வெச்சு வருவா? எனக்கு ராத்திரியெல்லாம் அதே வெசனம்.

நீங்க நல்ல ஒசரமா இருக்கறீங்க. சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்த மேல் சமையக்கட்டுல ஒரு பழைய ஸ்டூலும் அரிசி டின்னும் கெடக்குது, எடுத்துட்டு வந்து போட்டுக்கங்க. பையை அந்த அரிசி டின்னு மேல ஏத்தி நிக்க வெச்சா பாதி ஒசரம் வந்துரும், நான் கட்டிப் புடிச்சுக்கறேன். முட்டிதானே, போனாப் போகுது. நீங்க சங்கிலியக் கொக்கியில மாட்டீருங்க. மூலையில இருந்தாத் தூக்கிட்டுப் போயிருவா. தொங்குச்சுன்னா அவளால சும்மா தாண்டிப் போக முடியாதுங்க, எனக்குத் தெரியும். பேக்கைக் கழட்டிப் பூபதிகிட்டக் குடுப்பா. ஒண்ணு வுட்டுப் பாப்பா. ஒண்ணு வுட்டா இன்னொண்ணு வுடுவா. அதுக்குள்ள நான் சோறு வடிச்சுருவேன்.

தொட்டிலுங்களா? இல்லீங்க தம்பி. கொக்கி ஒண்ணுதான் இருக்குது. உங்க புள்ளைக்கு வேற வீடு பாருங்க, நல்ல வீடாவே அமையும். போர்டையும் போறப்ப அப்படியே கழட்டிக் குடுத்துட்டுப் போயிருங்க.

ம், இன்னுஞ் சித்த மேல. நடுவுல அழுத்திப் புடிக்காதீங்க, சங்கிலியப் புடிங்க. மாட்டீட்டீங்களா? தாங்கும், தாங்கும், அவரு போட்டது. எறங்குங்க பாத்து.

இப்ப நான் கீழ போறேன். எனக்கு எறங்க நேரமாகும், அவசரப்படாதீங்க. நான் சமையக்கட்டுக்குப் போயிச் சேந்துட்டேன்னு கொரல் குடுத்ததும், நீங்க காலை அகட்டி நின்னு ஒண்ணு வுடுங்க. பாத்திரம் கிணுகிணுங்குதான்னு பாக்கோணும். மெதுவாக் குத்தாதீங்க தம்பி. அவளுக்கு மெதுவாக் குத்த வராது.